அக்கா மகளுக்கு எந்தச் சொராரிட்டி?

போன ஆகஸ்டில் அக்கா மகளைக் கல்லூரியில் விட்டுவர நானும் போயிருந்தேன். அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் இருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். காலை 10 மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. விடுதிக்குப் போகிற வழியில் ஒரு தெரு முழுக்க வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடுகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் கிரேக்க எழுத்துகள். வீட்டுக்கு வீடு வாசலில் 40, 50 பெண்கள் வரிசையாக நின்றார்கள். கையில் குட்டி மின்விசிறி, தோளில் ஒரே மாதிரி துணிப்பை. ஒரு வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே இருந்த பெண்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, வாசற்கால் நிறைய முகங்களாக நின்று கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு முடிந்ததும் வெளியே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்னையறியாமல் முகங்களை எண்ணினேன். வாசற்காலில் நம் நிறத்தில் ஒரு முகமும் இல்லை. வரிசையில் இரண்டோ மூன்றோ இருந்தன.

"சித்தி, நானும் ரஷ் பண்ணட்டுமா?" என்று கேட்டாள். சொராரிட்டியில் சேர இப்படி வீடு வீடாகப் போய் வரிசையில் நிற்பதைத்தான் ரஷ் என்பார்கள்.

ஒரு வருஷம் போகட்டும், படிப்பில் கால் ஊன்றிக்கொள், அப்புறம் பார்க்கலாம் என்றேன். வருஷம் ஓடிவிட்டது, அவள் மறக்கவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். இங்கே பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பல தமிழ் வீடுகளில் இதே கேள்வி வருகிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொராரிட்டி என்பது விடுதியும் இல்லை, சாதாரண மாணவர் மன்றமும் இல்லை. பெண்கள் மட்டும் சேரும் சங்கம். கிரேக்க எழுத்துகளில் பெயர், ரகசியச் சடங்கு, சந்தா, மூத்தவள் இளையவள் என்று அக்கா தங்கை முறை எல்லாம் உண்டு. கல்லூரி முடிந்தாலும் உறவு முடியாது. வேலை கிடைப்பதிலிருந்து கல்யாண மேடையில் தோழியாக நிற்பது வரை அது கூடவே வரும். அதனால்தான் யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்பது இங்கே இவ்வளவு பெரிய விஷயம்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டேன். மூன்று சொன்னாள். நல்ல தோழிகள் வேண்டும். போகிற இடத்தில் நிறத்தால் தனித்துத் தெரியக் கூடாது. கையால் செய்கிற சேவை இருக்க வேண்டும். பள்ளி நாட்களில் சனிக்கிழமை தவறாமல் உணவு வங்கிக்குப் போய் டப்பாக்களைத் தேதி பார்த்துப் பிரித்து அடுக்கியவள் அவள். மூன்றாவதை அவள் கடைசியாகச் சொன்னாலும் நான் அதையே முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரு சங்கம் யாருக்காக, எப்படி உழைக்கிறது என்று பார்த்தால், அது யாரைத் தன் ஆளாக நினைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்தத் தெருவில் பார்த்த வீடுகள் எல்லாம் நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பைச் சேர்ந்தவை. 1902ல் தொடங்கிய அமைப்பு, இன்று அதில் 26 சொராரிட்டிகள். தொடக்க காலத்தில் இவை பெரும்பாலும் வெள்ளைக்கார, புராட்டஸ்டண்ட் பெண்களின் உலகம். யூதப் பெண்கள் 1909ல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலான் ஃபையையும், கத்தோலிக்கப் பெண்கள் 1912ல் மிச்சிகனில் தீட்டா ஃபை ஆல்ஃபாவையும் தனியாகத் தொடங்கினார்கள். பிற்பாடு இந்த இரண்டும் இதே கூட்டமைப்புக்குள் வந்துவிட்டன. மதத்துக்குத் திறந்த கதவு நிறத்துக்குத் திறக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

எவ்வளவு காலம் ஆனது என்பதற்கு அலபாமா பல்கலைக்கழகமே சாட்சி. 1963ல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் இரண்டு கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றது அங்கேதான். சரியாக 50 ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் ஒரு செய்தி வெளியிட்டது. நல்ல மதிப்பெண், நல்ல குடும்பம் என எல்லாத் தகுதியும் இருந்த ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சொராரிட்டிகள் ஒன்று விடாமல் நிராகரித்திருந்தன. உள்ளே இருந்த மாணவிகள் சிலரே வாய் திறந்து சொன்னது இன்னும் முக்கியம்: நாங்கள் அவளைச் சேர்க்கத் தயார், தடுத்தவர்கள் பழைய மாணவிகள். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னார். சில நாட்களிலேயே கறுப்பின மாணவிகள் பலருக்கு அழைப்பு போனது.

இதில் நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியது அந்தத் தடை வேலை செய்த விதம். 'கறுப்பினப் பெண் வேண்டாம்' என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. பழைய மாணவிகளின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் மகளுக்கும் பேத்திக்கும் முன்னுரிமை. வாக்கெடுப்பு மூடிய கதவுக்குள் நடக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், நிறத்தின் பெயரை வாயால் சொல்லாமலே ஒரு வரிசையை வடிகட்டிவிடலாம். நம் ஊரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனவர்களுக்கு இது புதிதில்லை. 'சைவமா?' என்று மட்டும்தான் கேட்பார்கள்.

2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்ற பிறகு, வேண்டர்பில்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்தச் சங்கங்களையே ஒழிக்க வேண்டும் என்று உறுப்பினர்களே கூட்டமாக விலகினார்கள். அதையடுத்து பல சொராரிட்டிகள் வாரிசு முன்னுரிமையைக் கைவிட்டன. மாற்றம் உண்மையானது. ஆனால் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அது வேறுபடுகிறது. தலைமையகத்தின் அறிக்கையைப் படித்து ஒன்றும் தெரியாது. குறிப்பிட்ட அந்த வளாகத்தில், குறிப்பிட்ட அந்தக் கிளை, கடந்த நான்கு வருஷத்தில் போட்ட குழுப்படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு பழுப்பு முகம் எல்லாப் படத்திலும் முன்வரிசையில் நின்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

சேவை? இந்தச் சொராரிட்டிகளில் அது பெரும்பாலும் நிதி திரட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் உண்டு. ஆல்ஃபா டெல்டா பை 1979லிருந்து ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸுக்குத் திரட்டுகிறது. குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வெளியூரில் தவிக்கும் பெற்றோருக்குப் படுக்கையும் சாப்பாடும் தருகிற இடம் அது. டெல்டா காமா பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உழைக்கிறது. ஓட்டப்பந்தயம், பான்கேக் விருந்து, டி-ஷர்ட் விற்பனை என்று ஒரு வாரத்தில் திரட்டிவிடுகிறார்கள். இதை லேசாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நாடு முழுக்கச் சேரும்போது கோடிக்கணக்கான டாலர் அது. கையால் செய்கிற மரபும் இவர்களிடம் இருந்தது. பை பீட்டா ஃபை பெண்கள் 1912ல் டென்னசி மலையில், அப்போது ரோடு கூடச் சரியாக இல்லாத கேட்லின்பர்க்கில், ஒரு பள்ளிக்கூடம் நடத்தப் பணமும் ஆசிரியைகளும் அனுப்பினார்கள். இன்று அக்கா மகள் கேட்ட கிளையில் மட்டும், பணம் போய்ச் சேரும் இடத்தை நேரில் பார்த்த பெண் ஒருத்திகூட இல்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது அக்கா முகம் சுளித்த வழி. கறுப்பினப் பெண்களின் நான்கு சொராரிட்டிகள்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, டெல்டா சிக்மா தீட்டா, சீட்டா ஃபை பீட்டா, சிக்மா காமா ரோ. முதல் மூன்றும் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908, 1913, 1920 ஆண்டுகளில் பிறந்தவை. நான்காவது 1922ல் இண்டியானாபொலிஸில் பட்லர் பல்கலைக்கழகத்தில் ஏழு பெண்கள் தொடங்கியது. கறுப்பின ஆண்களின் ஐந்து சங்கங்களோடு, அதாவது ஃப்ரெட்டர்னிட்டிகளோடு, சேர்த்து இவற்றை 'டிவைன் நைன்' என்பார்கள்.

"கறுப்பர்கள் கூட்டத்தில் நம்ம பொண்ணுக்கு என்ன வேலை?" என்றாள் அக்கா. முப்பது வருஷம் இந்த நாட்டில் வாழ்ந்தும் இந்தப் பேச்சு நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. இங்கே நமக்கு வர வழி கிடைத்ததே 1965ன் குடியேற்றச் சட்டத்தால். நிறம் பார்த்து ஆளைச் சேர்க்கும் பழைய ஒதுக்கீட்டு முறை விழுந்ததற்குப் பின்னால் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் இருந்தது. 1958ல் பெர்க்லிக்குப் படிக்கப் போன தமிழ்ப் பெண் ஷியாமளா கோபாலன் அந்த மக்களோடுதான் ஊர்வலம் போனார். அவர் மகள் கமலா ஹாரிஸ் 1986ல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை செய்தபோது அக்காவும் அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பினாள். அதை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

சேவையைப் பொறுத்தவரை இவர்களுக்கு இணை யாரையும் நான் சொல்ல மாட்டேன். டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கிய 22 பேரும் மாணவிகள். சங்கம் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1913 மார்ச் 3ல் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்துக்குப் போனார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்ற பேச்சு அங்கேயே இருந்தது. அப்படியும் போனார்கள். அதுதான் அவர்கள் செய்த முதல் பொதுக் காரியம்.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் மிசிசிப்பி கதை. 1935 கோடையில் டாக்டர் டோரத்தி ஃபெரபீ தலைமையில் ஒரு பெண்கள் குழு, வேலைக்கு விடுமுறை போட்டுவிட்டு, தங்கள் சொந்தக் கார்களில் கிளம்பி மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டிக்குப் போனது. குத்தகைக்குப் பருத்தி பயிரிடும் கறுப்பினக் குடும்பங்களுக்கு அங்கே டாக்டரே கிடையாது. ஓர் இடத்தில் முகாம் போட்டு அழைக்கலாம் என்று நினைத்தார்கள். தோட்ட முதலாளிகள் ஆட்களை வெளியே விடவில்லை. சரி என்று மருந்துப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வயலுக்கே போனார்கள். அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள், பல் பார்த்தார்கள், என்ன சாப்பிட வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1942 வரை ஒவ்வொரு கோடையிலும் இது நடந்தது. போரால் பெட்ரோலும் டயரும் ரேஷனுக்குப் போன பிறகுதான் நின்றது. இதைச் சொன்னபோது அக்கா மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

இன்றும் அந்தப் போக்கு இருக்கிறது. சீட்டா ஃபை பீட்டா 1970களிலிருந்து நடத்தும் 'ஸ்டார்க்ஸ் நெஸ்ட்' திட்டத்தில், கர்ப்பிணி ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் அதற்குப் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்துக் குழந்தைக்குத் தேவையான சாமான்களை வாங்கிக்கொள்ளலாம். தேர்தல் வந்தால் வாக்காளர் பதிவு. இதையெல்லாம் செய்கிறவர்கள் மாணவிகள் மட்டும் இல்லை. பட்டம் பெற்றவர்களுக்கென்று ஊர்தோறும் தனிக் கிளை உண்டு. 50, 60 வயதிலும் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளக் கட்டிய அமைப்பு என்பதால் சேவை அங்கே தனி வாரமாக வரவில்லை, அன்றாட வேலையாகவே இருக்கிறது.

அப்படியானால் அங்கேயே சேர் என்று ஏன் சொல்லவில்லை? எந்த இனத்தவரும் சேரலாம், கறுப்பினத்தவர் அல்லாத உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே ரஷ் வாரம் கிடையாது. மதிப்பெண், ஏற்கெனவே செய்த சேவைக்குச் சான்று, அந்தச் சங்கத்தோடு பழக்கம் எல்லாம் பார்ப்பார்கள். முதல் செமஸ்டரில் பொதுவாகச் சேர முடியாது. அதைவிட, அந்த வரலாற்றைத் தன் பொறுப்பாக ஆயுள் முழுக்கச் சுமக்கத் தயாராக இருக்கிறவள்தான் கேட்க வேண்டும். வெள்ளையர் வீட்டில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக இங்கே வந்து நிற்பது மரியாதை இல்லை. அவளுடைய அறைத்தோழி கறுப்பினப் பெண், அவள் அம்மா டெல்டா சிக்மா தீட்டாவில் உறுப்பினர். இந்த வருஷம் அந்தக் கிளை நடத்தும் வாக்காளர் பதிவுக்கு வெறும் கையாளாகப் போய் நில், ஆசை நிலைக்கிறதா என்று பிறகு பார் என்றேன்.

மூன்றாவது வழி நம்மவர்களுடையது. தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகள். 1998ல் மட்டும் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ என்று மூன்று பிறந்தன. காரணம் எளிது. 1965க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் அப்போதுதான் கூட்டம் கூட்டமாகக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். இதே காரியத்தை ஜப்பானிய அமெரிக்கப் பெண்கள் 1920களின் கடைசியிலேயே லாஸ் ஏஞ்சலஸில் கை ஆல்ஃபா டெல்டா என்ற பெயரில் செய்திருக்கிறார்கள்.

இங்கே பெயரைச் சொல்லி விளக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை ஏன் அசைவம் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரவு 9 மணிக்கு அம்மா நான்கு தடவை போன் செய்தாலும் சிரிக்க மாட்டார்கள். சேவையும் நம் வீட்டுக்கு நெருங்கியது: குடும்ப வன்முறைக்கு ஆளான தெற்காசியப் பெண்களுக்கு உதவி, எழுத்தறிவு, எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவு. கடைசியானதன் அருமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மஜ்ஜை பொருந்துவது பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்குள். பதிவேட்டில் நம்மவர்கள் குறைவு. ரத்தப் புற்றுநோய் வந்த நம் பிள்ளைக்குப் பொருத்தம் கிடைப்பது அதனாலேயே கஷ்டம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக்கொடுக்க 200 மாணவர்களை ஒரு மதியத்தில் வரிசையில் நிறுத்தும் 20 வயதுப் பெண், ஓர் உயிரையே காப்பாற்றியிருக்கலாம்.

ஆனால் 'நம்மவர்' என்ற சொல்லுக்குள்ளும் வாசற்கால் உண்டு. போன வருஷம் ஒரு தீபாவளி நிகழ்ச்சிக்குப் போயிருந்தாள். மேடையில் இந்தியில் ஒரு வசனம், அரங்கமே சிரித்தது. இவளும் இவள் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பங்களாதேஷ் முஸ்லிம் பெண்ணுக்கு அந்த மேடையில் எங்கே இடம்? அப்புறம், முழுப்பெயர் கேட்டு ஊர் கேட்டு மெதுவாகச் சாதிக்கு வருகிற பேச்சு கடல் தாண்டியும் வந்திருக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019லும், கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022 தொடக்கத்திலும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது சும்மா இல்லை. சேருமுன் அங்கே உள்ள தலித் மாணவியோ, தமிழ், நேபாள, இஸ்லாமிய மாணவியோ என்ன சொல்கிறாள் என்று கேட்டே ஆக வேண்டும்.

நான்காவது ஆல்ஃபா ஃபை ஒமேகா. 1925ல் பென்சில்வேனியாவின் லஃபாயட் கல்லூரியில் சாரணர்களாக இருந்த மாணவர்கள் தொடங்கியது, 1976லிருந்து ஆண் பெண் இருபாலரும் சேரலாம். இது சொராரிட்டியே இல்லை, சேவைக்கென்றே இருக்கும் ஃப்ரெட்டர்னிட்டி. செமஸ்டருக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அழகோ அப்பா பெயரோ யாரும் பார்ப்பதில்லை. வேலையை முடித்தால் உறுப்பினர். மாளிகை இல்லை, சந்தாவும் குறைவு. அந்த ஆயுட்கால அக்கா தங்கை நெருக்கம் இதில் அவ்வளவாக வராது என்பதுதான் குறை.

பணத்தையும் பேசினோம். மாளிகை வைத்த சொராரிட்டிகளில் சந்தா, சாப்பாடு, அறை எல்லாம் சேர்ந்தால் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும். நிறத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தை மறந்துவிடுகிறோம், பல பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதுதான்.

அதைவிடப் பெரிய பயம் ராகிங். இங்கே ஹேஸிங் என்பார்கள். எந்த இனத்தவர் சங்கமும் இதற்கு விலக்கு இல்லை. 2002ல் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் சொராரிட்டியில் சேர இருந்த இரண்டு இளம்பெண்கள் இரவில் கடலில் மூழ்கி இறந்தார்கள், ஹேஸிங் என்று சொல்லிக் குடும்பம் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் ஒன்று, எந்தச் சங்கம் ஹேஸிங் செய்து பிடிபட்டது என்று பெயரோடு வெளியிடப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. பெற்றோர்கள் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். குழுப்படத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது. இரவு நேரத்தில், போனை வாங்கி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று எதைச் செய்யச் சொன்னாலும் எழுந்து வந்துவிடு, காசு போனால் போகட்டும் என்று அவளிடம் அக்காவே சொன்னாள்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொன்னேன். தெருவில் பார்த்த அந்த வீடுகளில் இந்த வளாகத்துக் கிளைகள் அவளுக்கு வேண்டாம். வேறு ஊராக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். முதலில் ஆல்ஃபா ஃபை ஒமேகா, சனிக்கிழமை கை பழகியது அதற்குத்தான். கூடவே தெற்காசியச் சொராரிட்டியின் அறிமுகக் கூட்டத்துக்குப் போகட்டும். ஆனால் யாழ்ப்பாணத்துத் தோழியையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அந்தப் பெண்ணை எப்படி வரவேற்கிறார்கள் என்று பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

அவள் பேனா எடுத்து அறிமுகக் கூட்டத்தில் கேட்கப் போகும் கேள்விகளை ஒரு தாளில் எழுதினாள். போன வருஷம் நீங்கள் உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா? நடுவில் விட்டுப் போனவர்கள் யார், ஏன்? மூன்றாவது கேள்வியை எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள்: இந்தியில் பேசும்போது புரியாதவர்களுக்கு யார் சொல்வீர்கள்? அக்கா அதை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த ரூம்மேட் பொண்ணோட அம்மா நம்பர் இருந்தா குடு, நான் ஒரு தடவை பேசறேன்" என்றாள்.